ரொசெண்டா கல்யாணத்துக்கு டேலியா

ஹலோ… ஹலோ… ஆங், கேக்குது, கேக்குது… மக்காரியாவா?… இல்லடி, பார்த்தேன். விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பார்த்தேன். தோட்டத்துல இருந்தேன், கை பூரா சேறு… ஆமா, ஆமா… கூப்பிடணும்னுதான் இருந்தேன். சத்தியமா. ஒரு நிமிஷம் இரு…

கஸிமிரோ! அந்த நாயைப் பிடிச்சுக் கட்டுய்யா! அந்தப் பக்கமே விடாதே அதை!… தார்ப்பாய் மேல இன்னொரு கல்லு தூக்கி வை, காத்துல மூலை எந்திரிக்குது பாரு… மக்காரியாதான். வேற யாரு… நான் பேசிக்கிறேன். நீ போ… நான் பேசிக்கிறேன்னு சொல்றேன்ல!

ஆங், சொல்லு கொமாத்ரே… ஒண்ணுமில்ல, நாயி. எதையோ மோந்துக்கிட்டுத் திரியுது… தார்ப்பாயா? அது… உரமூட்டை நனைஞ்சிடும்னு மூடச் சொன்னேன்… குரலுக்கு என்ன? நேத்து மழையில நனைஞ்சேன்ல, சளி பிடிச்சிருக்கு. நீ விஷயத்தைச் சொல்லு.

ம்… ம்… வந்துடுச்சா? பரவாயில்லையே, தையக்காரி சொன்ன நாளுக்குக் குடுத்துட்டாளே… இடுப்புல பிடிக்குதாமா? பிடிக்காம? கல்யாணம் நெருங்க நெருங்க எல்லாப் பொண்ணும் இளைப்பா, உன் மக ஒருத்திதான் மோலே குழம்பு வாசனை பிடிச்சே பெருத்துட்டிருக்கா… (சிரிக்கறேன்டி, சிரிக்கத்தான் செய்யறேன்.)… வான்கோழி சொல்லியாச்சா?… ம்… ம்… சம்பந்தியம்மா என்ன சொல்றா? டோன்யா பெர்பெத்துவா? மூக்கு இறங்கிச்சா இல்ல இன்னும் மேலயேதான் இருக்கா?… ஆமா, ஆமா. அவ அப்படித்தான்.

சரி, கொமாத்ரே. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது… முதல்ல கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லு… பூ விஷயம்தான். நான் என்ன யோசிச்சேன்னா… நாம ரோஜா வச்சுக்கலாம்.

ரோஜா… ரோஜாடி, ரோஜா. வெள்ளை ரோஜா. அத்லிஸ்கோ சந்தையில என் மச்சான் ஒருத்தன் இருக்கான், விடியறதுக்குள்ள வண்டியில ஏத்தி அனுப்பிடுவான். கூடவே சம்பங்கி கொஞ்சம். கோயில் பூரா மணக்கும். டேலியாவுக்கு என்னடி மணம் இருக்கு? பார்க்கத்தான் பெருசு…

ஆமா, நான்தான் சொன்னேன். தோட்டமில்லாதவதான் ரோஜா வாங்குவான்னு சொன்னேன். சொன்னேன், இல்லைங்கலை. மனுஷின்னா பேச்சு மாறத்தான் செய்வா… இல்ல… இல்ல, கேளு. பூவுக்கு ஞானத்தாய் யாரு? மோதிரத்துக்கு ஒருத்தி, கேக்குக்கு ஒருத்தி, பூவுக்கு நான். நீதான் ரொட்டிக் கூடையைத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல நின்னு கேட்டே. கூடையை நான் வாங்கிட்டேன். அப்ப எந்தப் பூன்னு சொல்ற உரிமை எனக்கு இருக்கா இல்லையா?…

தெரியும். ரொசெண்டா ஆசைப்பட்டான்னு தெரியும். எனக்குத் தெரியாதா? அவளை ஞானஸ்நானத்துல கையில ஏந்தி உனக்குக் கொமாத்ரே ஆனவ நானு. அவளுக்காகத்தானே அந்தக் கீழ்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன்? தரிசாக் கிடந்த நிலம், யாரும் சீண்டாத நிலம்… ஆமா… ஆமா, நீயும்தான் வந்து களை பிடுங்கினே. யாரு இல்லைன்னா?

என்னன்னா… மழைடி. நேத்து ராத்திரி பெஞ்ச மழையில எல்லாம் படுத்துடுச்சு. பூவு தண்ணி குடிச்சு, கனம் தாங்காம… ஆலங்கட்டி வேற… உங்க பக்கம் விழலையா? இங்க விழுந்துச்சு. ஒரு… கொஞ்சம் விழுந்துச்சு…

ரொசெண்டாவா? நேத்து சாயந்தரமா? இங்க வந்தாளா?… ம்… ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாளா… நேத்து சாயந்தரம் நல்லாத்தான் இருந்துச்சு, நான் ராத்திரியைச் சொல்றேன். பூச்சியும் வந்திருக்கு. இதழை எல்லாம் ஓட்டை ஓட்டையா… ஒரு ராத்திரியில தின்னும்டி, ஏன் தின்னாது? பூச்சிக்கு நாள் நட்சத்திரமா பார்க்கத் தெரியும்?…

வேண்டாம். முட்டுக் குடுக்க ஆள் வேண்டாம்… வேண்டாம்னு சொல்றேன். நீயும் வர வேண்டாம், உன் தங்கச்சிங்களும் வர வேண்டாம்… மக்காரியா, இங்க வராதேன்னு சொல்றேன், காது கேக்கலையா உனக்கு!

…

…கத்தலை. கத்தினேன்தான். மன்னிச்சுக்க… சேறுடி, காலை வச்சா முழங்கால் வரைக்கும் போகுது, அதான் வராதேன்னேன்… இல்ல. நான் எதையும் மறைக்கலை. எதை மறைக்கறேன் நான்?… யாருக்கு?… என்னது? புவெப்லா பட்டணத்துக்காரங்க கல்யாணத்துக்கா?… யாரு சொன்னா உனக்கு?… கார் வந்து நின்னா அவங்களுக்குப் பூவை வித்துட்டேன்னு அர்த்தமா? அந்த அம்மா விலை கேட்டாங்க, நான்… நான்…

…ஆமா.

ஆமா, வித்துட்டேன். போதுமா? எல்லாத்தையும் வித்துட்டேன். பெரிய இடத்துக் கல்யாணம், நல்ல விலை குடுத்தாங்க, மனசு மாறிடுச்சு. அவ்வளவுதான். இப்ப ரோஜா வச்சுக்கறியா?

திட்டு… திட்டுடி. உன் வாயில வர்றதெல்லாம் சொல்லு… ஆமா, நாக்கு அழுகிப் போகட்டும்… ஆமா, காசுப் பிசாசுதான்… மாதா பார்த்துக்குவா. பார்த்துக்கட்டும்… அழாதே. மக்காரியா, திட்டு, அழாதே. உன் அழுகையைக் கேக்க முடியலை எனக்கு இன்னிக்கு…

என்ன?… ஒரு கைப்பிடியா?… எதுக்கு?… எந்த நாற்காலிக்கு?…

…

…முதல் வரிசையிலயா… உன் பக்கத்துலயா… சாமியார் சரின்னுட்டாரா… காணாமப்போன உன் பையனுக்குன்னு காலியாவே இருக்கட்டும்னு… ம்… அதுல வைக்க… ம்… அந்தக் கருஞ்சிவப்பு. அவன் பேண்டு கோட்டு நிறத்துல இருக்கே, அது… ம். ம். தெரியுது.

…

இல்ல, லைன்லதான் இருக்கேன்.

மக்காரியா. உக்கார்ந்திருக்கியா நின்னுட்டிருக்கியா?… உக்காரு… அடுப்பை அணைச்சுட்டு உக்காருடி. நான் சொல்றேன்ல… வித்தேன்னது பொய். ஒரு பூ கூட விக்கலை. ஆலங்கட்டியும் பொய், பூச்சியும் பொய். பூவெல்லாம் அப்படியே இருக்கு. உன் மக தலையளவுக்குப் பூத்து நிக்குது… பொய்தான். ஏன் சொன்னேன்னா, என்ன சொல்றதுன்னு தெரியலை எனக்கு. சனிக்கிழமை தாண்டட்டும்னு நினைச்சேன். அது மட்டும்தான் நினைச்சேன்.

இரு. சொல்றேன். மெதுவாச் சொல்ல விடு.

காலையில கஸிமிரோ செடிக்கு முட்டுக் குடுக்கப் போனான். மழை பெஞ்சது நெசம், செடி சாய்ஞ்சது நெசம். மூங்கில் குச்சி நிக்கலைன்னு, கொட்டகையில கிடந்த நீளக் கம்பியை எடுத்துட்டுப் போனான்… ஆமா, இரும்பு. சுத்தியலையும் எடுத்துட்டுத்தான் போனான். ஆனா அடிக்கவே வேண்டியிருக்கலையாம். வச்சு அழுத்தினா போகுதாம். போய்க்கிட்டே இருந்துச்சாம்…

ஆமா. பிசைஞ்ச மாவுல போற மாதிரி… ஆமாடி. நீதான் சொல்லுவியே, ஒரு தடவை தோண்டின மண்ணு மறுபடி இறுகாதுன்னு. அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்கு… இழுத்தான்… ம்… வச்சுப் பார்த்தான். பிள்ளையைத் தொலைச்சுட்டுத் தேடுற நீங்கெல்லாம், மண்ணுல குத்தின கம்பியை மூக்குல வச்சு வாடை வருதான்னு பார்க்கறதை அவனும் பார்த்திருக்கான்ல. வச்சுப் பார்த்துட்டு அங்கயே வரப்புல உக்கார்ந்துட்டான். அவ்வளவு பெரிய ஆளு. கூப்பிடக் கூட இல்ல என்னை. நான் காப்பி எடுத்துட்டுப் போனப்பதான்…

இல்ல… நாங்களும் அதைத்தான் சொன்னோம். யாரோட ஆடோ, கழுதையோன்னு… ஒரு முழம் தோண்டினான். கையாலதான், மண்வெட்டி போடலை. துணி தெரிஞ்சதும் நிறுத்திட்டோம். நீ சொன்னது நினைவு இருக்கு, தொடக்கூடாது, அசைக்கக்கூடாதுன்னு. தொடலை. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கோம். அதுக்குத்தான் கல்லு.

…நிறமா? கேக்காதே… நீ இப்பச் சொன்னியே. அந்த நிறம்தான்.

கறுத்துக் கிடக்கு. ஆனா தெரியுது. கோட்டுக் கையில பித்தளைப் பொத்தான் இருக்கு…

ஆமா, பேண்டுல எத்தனையோ பேரு. எல்லாருக்கும் ஒரே கோட்டுதான். ஆமா… வேற ஊரு பேண்டாக் கூட இருக்கலாம். ஆமாடி, இருக்கலாம், நானும் அதையேதான் கஸிமிரோகிட்ட சொல்லிச் சண்டை போட்டேன்… முழங்கையா?… எந்த முழங்கைன்னு கேக்கறே… இடதா வலதான்னு எனக்குத் தெரியலை, ஒரு கைதான் வெளிய தெரியுது… ஆமா. கிழிஞ்சு தைச்சிருக்கு…

…

நீல நூலு.

…

மக்காரியா?…

மக்காரியா… இருக்கியா?… ஏதாவது பேசுடி… ஒரு சத்தம் குடு, போதும்…

ம்… ம். தெரியும். கருஞ்சிவப்பு நூலு கடையில இல்ல. விழாவுக்கு நேரமாச்சு. இருந்த நூலைக் கோத்துட்டே. தெரியும்டி. கோயில் வாசல்ல பசங்க எல்லாம் அவன் முழங்கையைக் காட்டிச் சிரிச்சாங்க. 'எங்கம்மா தைச்சது, உனக்கென்னடா'ன்னான். டிரம்பெட்டைத் தூக்கி, சிரிச்ச ஒருத்தன் காதுலயே ஒரு ஊது ஊதினான். எனக்குத் தெரியும். நானும் அங்கதான் நின்னேன்…

அழு. நான் எங்கயும் போகலை. அழு.

…

என்ன சொல்றே, மூக்கை உறிஞ்சிட்டுச் சொல்லு, புரியலை… இல்ல. சும்மா இரு… அதெல்லாம் இப்ப எதுக்கு?… இல்லைன்னு சொல்றேன்ல. அது உன் தப்பில்ல.

ஆமா, துப்பு வந்துச்சு. வாய்க்கா ஓரம், வால்நட் மரத்துக்குக் கீழன்னு எவனோ போன்ல சொன்னான்… ஆமா, எல்லாரும் வந்தீங்க. மரத்தைச் சுத்திக் குத்தினீங்க, சோளக் காட்டு ஓரம் பூரா குத்தினீங்க… ஆமா, டேலியா அப்பத்தான் ஒரு சாண் உயரம் வந்திருந்துச்சு… சொன்னே. நீதான் சொன்னே. 'இதுல குத்தாதீங்க, கிழங்குல கம்பி ஏறினா அழுகிடும், இது என் மக கல்யாணப் பூ, சுத்திப் போங்க'ன்னே. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுச் சுத்திப் போனாங்க. ஒருத்தி 'எனக்கும் ஒரு செண்டு குடு'ன்னு கூடக் கேட்டா. சொன்னேதான்டி. எவ சொல்ல மாட்டா? ஒரு பிள்ளையைத் தேடிட்டிருக்கறவளுக்கு இன்னொரு பிள்ளை கல்யாணத்தை நினைக்க ஒரே ஒரு துண்டு நிலம் இருந்துச்சு, அதுல கம்பி ஏத்தாதேன்னா. அது தப்பா?

வாராவாரம் வந்து நின்னே. ஆமா… இந்த வெள்ளை பெருசா வேணும், அந்த மஞ்சள் வேண்டாம், மஞ்சள் கண்ணு படும்னு… ஆமா, செடிகிட்டப் பேசினே. நாங்க கேலி பண்ணினோம்… அவன் கேட்டிருப்பானான்னா என்னடி பதில் சொல்ல நானு? கேட்டிருப்பான். அம்மா குரல் கேட்டிருக்கும். அப்படியே நினைச்சுக்க.

…இல்ல! அதை நினைக்காதே! அதை வாயால சொல்லாதே மக்காரியா! எரு போட்டேன் நான். ஆட்டு எரு, கூடை கூடையாப் போட்டேன். அதுலதான் அப்படி வளர்ந்துச்சு. எருவுலதான். என் மேல ஆணையாச் சொல்றேன், எருவுலதான்…

எந்த வரிசைன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?… சொல்லாட்டி விட மாட்டே… வெள்ளை. அவ கைச்செண்டுக்குன்னு நீ குறிச்சு வச்ச வரிசை. ரிப்பன் கட்டி வச்சியே, அதுக்கு இந்தப் பக்கம்.

…

…

கொமாத்ரே, இப்ப நான் சொல்றதைக் கேளு. நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். யாருக்கும் தெரியாது. எனக்கும் கஸிமிரோவுக்கும் மட்டும்தான். நீ இன்னிக்கே புகார் குடுத்தா என்ன ஆகும்னு என்னைவிட உனக்குத் தெரியும். மஞ்சள் நாடா கட்டுவாங்க. முகமூடி போட்டுட்டு வருவாங்க. பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போவாங்க, டெஸ்டுன்னு சொல்லி மாசக் கணக்கா வச்சிருப்பாங்க. உங்க குழுவுல அந்த அம்மா, மகனை எந்த அலமாரியில வச்சிருக்காங்கன்னு கேட்டுக் கேட்டு நடக்கறாளே இன்னும்… அதான் சொல்றேன். இன்னொண்ணு… பெர்பெத்துவா. 'ஒண்ணும் பண்ணாதவனை எவன் தூக்கிட்டுப் போவான், ஏதோ சகவாசம் இருந்திருக்கும்'னு ஊர்க் கிணத்தடியில நின்னு பேசினவ அவ. தொலைஞ்ச பையன் வீடுன்னே அவ்வளவு யோசிச்சா. இப்ப நிலத்துல இருந்து எடுத்த பையன் வீடுன்னா மகனை அனுப்புவாளா? தாலாட்டு மாதிரி பேசிட்டு, கடைசியில கல்யாணத்தை நிறுத்திடுவாடி. உன் மக போட்ட கவுனோட நிப்பா.

அதனால… திட்டாம கேளு… சனிக்கிழமை வரைக்கும் விட்டுடலாம். இவ்வளவு நாள் இருந்தான். இன்னும் ரெண்டு நாள். நானும் கஸிமிரோவும் மாத்தி மாத்திக் காவல் இருக்கோம். ஒரு நாய் அண்டாது, ஒரு மனுஷன் அண்டாது. மெழுகுவத்தி ஏத்தி வைக்கிறேன், செபமாலை சொல்றேன், அவனைத் தனியா விட மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில நீ வா, நாம சேர்ந்து…

சரி.

சரி… சரிடி… ஆமா, நான் பெத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன். ஆமா. ஒரு மணி நேரம் கூட முடியாதுதான். புரியுது… மன்னிச்சுடு. ரொசெண்டாவை நினைச்சுத்தான் சொன்னேன். அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு… பொண்ணு கவுனைப் போட்டுப் பார்த்துட்டு நிக்கற நேரத்துல… அதனாலதான்…

யாரது?

பக்கத்துல யாரு அது?… யாரோ அழறாங்க, எனக்குக் கேக்குது… மக்காரியா, ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?… எப்பலருந்து?…

மாதாவே… ரோஜான்னு சொன்னதுலருந்தா…

அவகிட்டக் குடு. குடு… மக்காரியா? எங்க போறே? கதவுச் சத்தம் கேக்குது… ஹலோ? ஹலோ?…

ரொசெண்டா. கண்ணு. உங்கம்மா எங்க?… கிளம்பிட்டாளா? செருப்பு போட்டாளா?… சரி, வரட்டும். கஸிமிரோவை மேட்டு ரோட்டுக்கு அனுப்பறேன், கூட்டிட்டு வருவான். நீ அவ பின்னால ஓடாதே. முதல்ல கவுனைக் கழட்டு. சேத்துல இழுபடும்… சரி, சரி. இழுபட்டா இழுபடட்டும்.

…ஆமாடா. அவன்தான். நான் பொய் சொல்ல மாட்டேன் உனக்கு. சொன்னேன் இவ்வளவு நேரம், இனிமே சொல்ல மாட்டேன்… டெஸ்டு பண்ணித்தான் எழுதிக் குடுப்பாங்க. ஆனா அந்தத் தையல் உங்கம்மா தையல்…

வலிச்சிருக்குமான்னு என்னைக் கேக்காதே. எனக்குத் தெரியாது கண்ணு. தெரியாது.

ம்… உங்க குழுத் தலைவிக்குப் போன் போடு முதல்ல. ஆமா, போலீசுக்கு முன்னால அவங்களுக்கு. அவங்க நின்னாத்தான் ஒழுங்கா எடுப்பாங்க, சாக்குல அள்ளிட்டுப் போக மாட்டாங்க… ஆமா, நம்பர் உங்கம்மா ஒட்டி வச்சிருப்பா, அலமாரிக் கதவுல… பிறகு உன் மாப்பிள்ளை ஹெர்மிலோவுக்குச் சொல்லு. நீயே சொல்லு, அவங்கம்மா காதுக்குப் போறதுக்குள்ள… வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்ங்கறியா? அப்படிச் சொல்லாதே, நல்ல பையன் அவன்… சரி. அது உன் இஷ்டம். நீ பெரிய பொண்ணு…

சனிக்கிழமையா? சனிக்கிழமையைப் பத்தி இப்ப யோசிக்காதே. சாமியார்கிட்ட நான் பேசறேன்… ரோஜாவா? ரோஜாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், சரி. வெறுங்கையோட போறேங்கறே. போ. வெறுங்கையோட போனாலும் கல்யாணம் கல்யாணம்தான்…

என்ன?… இப்பவா?… எல்லாத்தையுமா? வெள்ளையுமா?…

கண்ணு, உச்சி வெயில் அடிக்குது. டேலியாவை வெளிச்சம் வர்றதுக்கு முன்னாலதான் வெட்டணும். மழை விட்டு இப்படிச் சுள்ளுன்னு அடிக்கற வெயில்ல வெட்டினா தண்ணி இழுக்காது, சாயந்தரத்துக்குள்ள தலையைத் தொங்கப் போட்டுடும். நாளைக்குப் பார்க்கவே சகிக்காது…

…

…ஆமா. அவங்க வந்தா எப்படியும் மிதிச்சுத்தான் போவாங்க. செடியைப் பிடுங்கித்தான் தோண்டுவாங்க. ஆமா…

…ம்.

ஆமா. அவனை வண்டியில ஏத்தற வரைக்கும் பூ வாடாம நின்னாப் போதும்தான். ஆமாடா… அதுவரைக்கும் நிக்கும். நிக்க வைக்கிறேன்.

கருஞ்சிவப்பும்… எல்லாமும். ஒண்ணு விடாம… சரி. சரி கண்ணு. வெட்டறேன். அவன் மேல, சுத்தி, எல்லாப் பக்கமும் வைக்கிறேன்… முகத்துப் பக்கம் வெள்ளை. சரி.

கஸிமிரோ! ரோட்டுக்கு ஓடு, அவ வந்துட்டிருக்கா!… கத்தியை இங்க போட்டுட்டு ஓடு!

நீ போனை வை ரொசெண்டா… வை கண்ணு. எனக்கு ரெண்டு கையும் வேணும்.